மேலத்தேரியை முன்னேற்றிய விதம்

நவம்பர் 6, புதன்

இன்று முதல் நாட்குறிப்பு. சமூக மேம்பாட்டுப் பணியில் இருப்பவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதிவைத்து, அதிலிருந்து தாங்களே கற்றுக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியாளர் ரோஷன் கிளமென்ட் சொல்லியிருக்கிறார். தலைமையாசிரியையாக ஓய்வு பெறும்வரை பாடக்குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தவள் நான். எழுதுவது எனக்குச் சிரமமில்லை. இந்த வயதில் கற்றுக்கொள்ள என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

ரோஷன் தம்பி பெங்களூர்க்காரர். தாடி வைத்திருக்கிறார், ஆனாலும் நல்ல விசுவாசி. எங்கள் தயாபுரம் சேகரத்து (ஒரே குருவின் கீழுள்ள சபைகள்) பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் கமிட்டி மெம்பர்களுக்கும் இன்று முழுநாள் வகுப்பு எடுத்தார். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் முன்வரிசை.

மேலத்தேரி எங்கள் சேகரத்தின் கிளைச்சபை. ஊருக்கு மேற்கே செம்மண் மேட்டில் நாற்பது வீடுகள், ஒரு ஜெபவீடு, மற்றபடி பனைமரங்கள். ஆண்கள் பனையேறுவார்கள். பதனீர் இல்லாத மாதங்களில் ஆணும் பெண்ணும் ஆற்றுப்பக்கம் வாழைத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போவார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அங்கே சேலையும் அரிசியும் கொடுத்து வந்தோம். அது பெரிய தவறாம். திரையில் ரோஷன் ஒரு வாசகம் காட்டினார்: 'இரக்கம், கொடுப்பவருக்குப் போதை, வாங்குபவருக்கு ஊனம்.' எல்லோரும் எழுதிக்கொண்டோம். இத்தனை வருடமாக நைலக்ஸ் சேலைகளால் அந்த மக்களை நான் ஊனப்படுத்தி வந்திருக்கிறேன் என்று நினைக்கவே கஷ்டமாக இருந்தது.

மதியம் மட்டன் பிரியாணி. ஒரு அண்டா மிஞ்சிவிட்டது. மேலத்தேரிக்கு அனுப்பலாமே என்றார்கள் ஐயரம்மா, அதாவது எங்கள் சேகரகுருவின் மனைவி.

"அவங்க கேட்டாங்களா ஆன்ட்டி?" என்றார் ரோஷன்.

"கேக்கல."

"அப்போ அது அவங்க தேவை இல்ல. உங்க தேவை."

எவ்வளவு ஆழமான சிந்தனை! பிரியாணியைப் பொட்டலம் கட்டி நாங்களே பிரித்துக்கொண்டோம். இரவு சாரும் விரும்பிச் சாப்பிட்டார். (சார் என்பது என் வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். ஊரே டிராயிங் சார் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.)

நவம்பர் 9, சனி

மேலத்தேரியில் முதல் பங்கேற்புக் கூட்டம். மக்களே தங்கள் ஊரின் படத்தைத் தரையில் வரைய வேண்டும் என்பது முறை. ஆறு நிறத்தில் கோலப்பொடி வாங்கிப் போயிருந்தோம்.

ஞானப்பூ என்றொரு பெண். நாற்பது வயதிருக்கும். புருஷன் எலியாசர் பனையேறி. இவள்தான் அங்கே எல்லாவற்றுக்கும் வாய்.

"ஊரு இங்கனதான டீச்சர் இருக்கு? எதுக்கு வரையணும்? தலையத் திருப்பிப் பாருங்க" என்றாள்.

வரைவதால் அவர்களுக்குள் விழிப்புணர்வு வரும் என்று விளக்கினேன். வரைந்தார்கள். நன்றாகவே இருந்தது. பிறகு கோழிகள் வந்து கிளறிவிட்டன.

அடுத்து, உங்களுக்கு என்ன தேவை என்று கேட்டேன். ஏற்கெனவே ஆடு என்று கமிட்டியில் முடிவாகியிருந்தது. ஆனாலும் கேட்க வேண்டும், அது முறை.

"கூரைக்குத் தகரம் வேணும் டீச்சர்" என்றாள் ஞானப்பூ. "ஓலை மாத்த முடியல. மழை வந்துட்டா உள்ள நனையுதோம்."

தகரம் நிவாரணம், ஆடு மேம்பாடு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தகரம் குட்டி போடாது அல்லவா?

"ஆடு நனையாம எங்க கட்ட?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். மனநிலை மாற்றம் தேவைப்படும் நபர் என்று குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 13, புதன்

மழை. பிரஷர் மாத்திரை தீர்ந்தது. பால்காரர் வரவில்லை.

நவம்பர் 20, புதன்

வேதத்தில் ஏழை விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்த தபீத்தாளின் நினைவாக 'தபீத்தாள் தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஆடு பெற விரும்பும் பெண்கள் வகுப்புகளுக்கு வர வேண்டும். சிக்கனம், சுத்தம், நேரம் தவறாமை. இன்று நேரம் தவறாமை. மின்சாரம் இல்லாததால் நான் கொஞ்சம் பிந்தித்தான் போக முடிந்தது. அதற்குள் பாதிப்பேர் வாழைத்தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசினேன்.

ஞானப்பூ இரண்டாம் முறையாக வரவில்லை. விதியின்படி பெயரை அடித்துவிட்டேன். கையில் பேனா கொஞ்சம் நின்றது. ஆனால் விதி விதிதான். ஒருவருக்குத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டிவரும்.

வீட்டில் சாரிடம் சொன்னேன்.

"வேலைக்குப் போனவள சோம்பேறின்னு அடிச்சிட்ட, அப்படித்தானே?" என்றார். அவருக்குத் திட்டப் பணி புரியாது. ஓவிய ஆசிரியர்.

நவம்பர் 28, வியாழன்

ஆடு வழங்கும் விழா. ஒவ்வொரு ஆட்டின் கழுத்திலும் நீல ரிப்பன். எல்லாம் உயர்ந்த ஜாதி ஆடுகள், வெளியூரிலிருந்து வந்தவை. காது முழங்கால்வரை தொங்குகிறது. சேகரகுரு ஐயா ஜெபம் பண்ணினார். போட்டோவுக்காக ஆடுகளைச் சிரிக்க வைக்க முடியாது, பெண்களையாவது சிரிக்கச் சொல்லுங்கள் என்றார் போட்டோகிராபர்.

ஞானப்பூவும் வந்து வேடிக்கை பார்த்தாள். "காத வச்சே பொத்திக்கிடும், மழைக்குப் பயமில்ல" என்றாள். அவள் பெயரை அடித்தது சரிதான் என்று தோன்றியது.

டிசம்பர் 11, புதன்

விடாத மழை. பெரியகுளம் நிறைந்து, உபரித் தண்ணீர் கலிங்கு வழியே பாய்கிறதாம். சங்கத்தில் குளத்துக்காக ஜெபித்தோம். கிறிஸ்துமஸ் கேக்குக்கு முந்திரி ஊறப்போட்டேன்.

டிசம்பர் 14, சனி

பென்சிலால் எழுதுகிறேன். பேனா வெள்ளத்தோடு போயிற்று. இந்த நோட்டும் எங்கள் சர்ட்டிபிகேட்டுகளும் பிளாஸ்டிக் பையில் இருந்ததால் தப்பின.

நேற்றுக் காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது குளக்கரை உடைந்தது. முதலில் அடுக்களை வடிகால் வழியே தண்ணீர் திரும்பி வந்தது. அடைப்பு என்று நினைத்து நான் குச்சியால் குத்திக்கொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் கேஸ் சிலிண்டர் மிதந்து என்னைத் தாண்டிப் போயிற்று. சார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். எங்களுக்கு மாடி இல்லை. கட்டப்போவதாக விட்ட படிதான் இருக்கிறது. கடைசிப் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். தெருவில் தண்ணீர் மாட்டையும் கட்டிலையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. சங்கீதம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு வரிகூட நினைவு வரவில்லை. சார் மட்டும் "வயோலா, பிடி விடாத" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மதியத்துக்கு மேல் மேலத்தேரி ஆண்கள் வந்தார்கள். வாழை மரங்களைக் கட்டிய தெப்பம், லாரி டியூப், பனையேறும் கயிறு. என்னை எலியாசர் டியூபில் உட்காரவைத்து இழுத்துப் போனார். கண்ணியமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். கத்தினேன் என்று சார் சொல்வது மிகை.

தயாபுரமே இப்போது மேலத்தேரியில் இருக்கிறது. தேரி மேடு, மணல் மழையைக் குடித்துவிடுகிறது, தண்ணீர் இங்கே ஏறவில்லை. ஜெபவீட்டில் ஆள் கொள்ளாமல் வீட்டுக்கு இரண்டு மூன்று பேராக அனுப்பினார்கள். எங்களுக்கு வாய்த்தது ஞானப்பூ வீடு.

அவள் என்னைப் பார்த்ததும் "நடுங்குதியள டீச்சர், சேலைய மாத்துங்க" என்று அவளுடைய சேலை ஒன்றைக் கொடுத்தாள். மஞ்சள் நைலக்ஸ். மூன்று வருடத்துக்கு முன் கிறிஸ்துமசுக்கு நான் தேர்ந்தெடுத்ததுதான். உடம்பில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. வியர்வையும் உறிஞ்சாது. யார் இதையெல்லாம் தயாரிக்கிறார்களோ.

எப்படியோ, களத்திலேயே தங்கி ஆய்வு செய்ய எதிர்பாராத வாய்ப்பு.

அதே நாள், பிறகு

ஜெபவீட்டு முன்னால் கஞ்சி காய்ச்சினார்கள். அவரவர் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து ஒன்றாகக் கொட்டிவிட்டார்கள். எந்தத் திட்டமும் இல்லை. கூட்டம் முண்டியடித்ததால் நான் எழுந்து, வழங்கல் கமிட்டி ஒன்று அமைப்போம் என்றேன். சேகர ஐயா ஒரு பாட்டுப் பாடித் தொடங்கலாம் என்றார்.

"மொதல்ல குடிங்க டீச்சர். கமிட்டி பொறவு" என்று ஞானப்பூ என் கையில் தட்டைத் திணித்தாள்.

குடித்து முடித்தபின் அவளிடம் விசாரித்தேன். "யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று எப்படித் தீர்மானித்தீர்கள்?"

"பசிக்கான்னு கேட்டோம்" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன கேக்கணும்?"

பதிலைக் குறித்துக்கொண்டேன். எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது என்று தெரியவில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

ஆராதனையில் நோவாவின் பேழை. பேழையில் இருந்தது நாம்தான் என்ற பொருளில் ஐயா பிரசங்கித்தார். பேழையைக் கட்டியவர்கள் பின்னால் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் கறிக்குழம்பு. கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. "இது எந்த ஆடு?" என்றேன்.

"காதுத் தொங்கட்டான்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "மழை ஒத்துக்கிடாம இளைச்சுப் போச்சு. சாவதுக்குள்ள விருந்தாளுக்கு ஆகட்டும்னுதான்."

ஈனவேண்டிய முதலீட்டை இப்படி வெட்டிப் போடுவதா! தன்னிறைவுக்கு என்ன அர்த்தம் இருக்கிறது? மிகுந்த மனவேதனையோடு சாப்பிட்டேன். இரண்டாம் முறை வாங்கியது பரிமாறியவர்கள் வற்புறுத்தியதால். மூன்றாம் முறை நானாகக் கேட்டேன் என்கிறார் சார். எலும்பு மட்டும்தான் கேட்டேன்.

டிசம்பர் 16, திங்கள்

மீண்டும் மழை. என் பாய்க்கு நேர் மேலே ஒழுகுகிறது. இடம் மாற்றிப் போட்டால் அங்கேயும். எட்டுப் பாத்திரங்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். வீடு முழுக்க டொக்கு டொக்கு என்று சத்தம்.

"இப்படி ஒழுகுகிறதே, முன்கூட்டியே சொல்லியிருந்தால் சங்கத்தில் ஏதாவது வழி செய்திருக்கலாம் அல்லவா?" என்று ஞானப்பூவிடம் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நிறைந்த சட்டியை எடுத்து வெளியே கொட்டிவிட்டு வந்து அதே இடத்தில் வைத்தாள்.

"சொன்னாவ, வயோலா" என்றார் சார்.

இவர் எதற்கு எல்லாவற்றிலும் குறுக்கே வருகிறார்?

சார் இங்கே நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டார். பிள்ளைகளுக்குக் கரித்துண்டால் யானை வரைந்து கொடுக்கிறார். எலியாசரோடு உட்கார்ந்து ஓலை கிழிக்கிறார். நான் தேங்காய் துருவினேன். துருவலில் சிரட்டையும் சேர்ந்து வந்துவிட்டது. ஞானப்பூ என்னை உள்ளி, அதாவது சின்ன வெங்காயம், உரிக்க அனுப்பினாள். தலைமையாசிரியையாக இருந்தவளை இடம் மாற்றுவது அவளுக்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

இந்த வீட்டார் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. நாங்கள் முடித்தபின் அடுக்களைக்குள் போய்விடுகிறார்கள். அவர்கள் பண்பாடு அது என்று நினைக்கிறேன். ரோஷனிடம் சொல்ல வேண்டும்.

அதே நாள்

பண்பாடு இல்லையாம். சார் தண்ணீர் கேட்டு அடுக்களைக்குள் போயிருக்கிறார். எலியாசரும் ஞானப்பூவும் வெறும் வடிகஞ்சியில் உப்பைப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்களாம். அரிசிப்பானையைக் கவிழ்த்து வைத்திருந்தார்களாம்.



டிசம்பர் 18, புதன்

இன்று நான் உபவாசம். கிறிஸ்துமசுக்கு முன் ஒரு நாள் உபவாசமிருப்பது நல்லது என்று நெடுநாளாகவே நினைத்திருந்தேன். சாரும் உபவாசம் என்றார். இவர் வாழ்க்கையில் உபவாசமிருந்தவரே இல்லை.

மதியம் ஞானப்பூ தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றேன்.

"டீச்சர்" என்று என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். "உபவாசம்னு சொல்லிக்கிட்டு பட்டினி கெடக்காதிய. எங்களுக்கும் அந்த உபவாசம் தெரியும். நாங்க எத்தன வாட்டி இருந்திருக்கோம்."

"அப்படியெல்லாம் இல்லை ஞானப்பூ."

"பொய் சொன்னா ஜெபம் கேக்கப்படாது. சாப்பிடுங்க. நாளைக்குத் தண்ணி வடிஞ்சிரும், உங்க வீட்டுக்குப் போயி இருங்க உபவாசம்."

அப்படியானால் நீயும் உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். எலியாசரையும் கூப்பிட்டாள். நான்கு பேரும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிட்டோம். சோறு கொஞ்சம்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. காலையிலிருந்து உள்ளி உரித்ததால்.

டிசம்பர் 20, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. முழங்கால் அளவு சேறு. பீரோ கவிழ்ந்து கிடக்கிறது. ஊறப்போட்ட முந்திரி முளைத்திருக்கும் என்றார் சார்.

டிசம்பர் 21, சனி

அவசரக் கமிட்டி. சென்னைச் சபைகளிலிருந்து ஒரு லாரி நிவாரணப் பொருள் திங்கட்கிழமை வருகிறது. அரிசி, எண்ணெய், தார்ப்பாய், துணி. 'வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்கள்' என்பதே தகுதி என்று ஐயா முன்மொழிந்தார். மேலத்தேரியில் தண்ணீர் புகவில்லை. ஆகவே மேலத்தேரி இல்லை.

"அவங்க அரிசியைத்தான நாம தின்னோம்?" என்றார்கள் ஐயரம்மா.

ஐயா ரோஷனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ரோஷன் பரவசப்பட்டுப் போனார். மேலத்தேரி மக்கள் இன்று கொடுக்கிறவர்களாக உயர்ந்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் அவர்களுக்கு அரிசி கொடுத்தால் அந்த உயர்விலிருந்து கீழே இழுத்துப் போட்டதாகும். அவர்கள் கண்ணியத்தை நாம் காப்பாற்ற வேண்டும் என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். கண்ணியத்தைக் காப்பாற்றியதால் எங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் கூடுதலாக ஒரு மூட்டை வருகிறது.

தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதினேன். பென்சில் முனை சரியில்லை.

"மேலத்தேரிக்கு எவ்வளவு?" என்று வீட்டில் சார் கேட்டார். அது கொள்கை சம்பந்தப்பட்டது என்றேன். சேறு அள்ளிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, போய் வாசல்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் கோபப்பட்டதில்லை. இப்போதும் கோபம் என்று சொல்ல முடியாது. முதுகுதான்.

டிசம்பர் 23, திங்கள்

நடந்ததை உள்ளபடி பதிவு செய்கிறேன்.

லாரி காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்தது. ஓட்டுநர் மதுரைக்காரர், வழி தெரியாதவர். வழி காட்டுவது செயலாளரின் பொறுப்பு. முன்னால் ஏறி உட்கார்ந்தேன். சாரும் ஏறினார், நான் கூப்பிடவில்லை.

"நேரா போவணுமாம்மா, மேல ஏறணுமா?" என்றார் ஓட்டுநர்.

நேரே போனால் எங்கள் சபைக் கோயில் வளாகம். கமிட்டி மெம்பர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"மேலே" என்றேன்.

தேரிக்குள் நுழைந்ததும் பின்சக்கரம் மணலில் புதைந்தது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. பாரத்தை இறக்கினால்தான் வண்டி கிளம்பும் என்றார் ஓட்டுநர். ஆகவே இறக்க வேண்டியதாயிற்று. அது மேலத்தேரியாக இருந்தது மணலின் தன்மை.

ஊரே கூடிவிட்டது. "இது யாருக்கு டீச்சர்?" என்றாள் ஞானப்பூ.

"உங்களுக்கு."

"எதுக்கு?"

முப்பத்து நாலு வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டுப் பழகியவள் நான். எதிரே நின்று ஒருத்தி ஒரு சொல்லில் கேட்டதும் மூட்டைகளை எண்ணத் தொடங்கினேன்.

"நாங்க தின்னதுக்கு" என்றார் சார்.

மூட்டைகளைப் பிரித்தார்கள். அரிசி வந்தது, தார்ப்பாய் வந்தது, பிறகு துணி மூட்டைகளிலிருந்து கம்பளிக் குல்லாயும் ஸ்வெட்டரும் கோட்டும் வந்துகொண்டே இருந்தன. எலியாசர் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்துகாட்டினார். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். தார்ப்பாய்க்காக இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். வழங்கல் கமிட்டி அமைக்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

ஞானப்பூதான் விலக்கிவிட்டாள். ஒழுகுகிற வீடுகளுக்குத் தார்ப்பாய், பானை கவிழ்ந்த வீடுகளுக்கு அரிசி. பாதிக்கும் மேல் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

"ஏன்?" என்றேன்.

"கீழ சேத்துல கெடக்குதாவள்லா, அவுகளும் திங்க வேண்டாமா? கோட்டையும் கொண்டு போங்க. ஐயா போட்டுக்கிடட்டும்."

டிசம்பர் 24, செவ்வாய்

கமிட்டித் தீர்மானத்தை மீறியதற்காக, செயலாளர் பொறுப்பிலிருந்து தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள். ஐயா நேரில் வந்து வருத்தத்தோடு சொன்னார். மணலைப் பற்றி விளக்கினேன். "டீச்சர், அந்த ரோட்டுல தினமும் மினி பஸ் போகுது" என்றார்.

டிசம்பர் 25, புதன்

சேறு இன்னும் போகவில்லை. கேக் இல்லை. சார் பேசுகிறார்.

ஜனவரி 10, வெள்ளி

ஓட்டுநர் எடுத்த போட்டோ ஒன்று எப்படியோ ரோஷன் கைக்குப் போய், அவர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார். புதைந்த லாரி, மூட்டை சுமக்கும் மக்கள், நடுவில், வேறு சேலை காயாததால் அதே மஞ்சள் நைலக்ஸில் நான். திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் அந்நாட்டுச் சங்கத்தார் பார்த்துக் கண்ணீர் விட்டார்களாம். அவர்களில் வயதான தம்பதி ஒன்று நேரிலேயே வருகிறது.

மாலையில் ஐயா வந்தார். என் நீக்கம் நீக்கப்பட்டது. லாரி மேலத்தேரிக்குப் போனது கமிட்டியின் தொலைநோக்கு முடிவு என்று அறிக்கையில் எழுதியிருக்கிறதாம். இன்னும் நல்ல தமிழில் இருக்க வேண்டும், நான் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டுமாம்.

ஜனவரி 19, ஞாயிறு

ஸ்தோத்திர ஆராதனை. கோயில் நிறைந்திருந்தது. வெளிநாட்டுத் தம்பதி முன்வரிசையில் மாலையோடு. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன்.

பிறகு, பயன்பெற்ற மக்கள் சார்பில் ஒருவர் சாட்சி சொல்வார் என்று ஐயா அறிவித்தார். ஞானப்பூ எழுந்து மைக்குக்கு வந்தாள். பக்கத்தில் மொழிபெயர்க்க ரோஷன்.

"எல்லாருக்கும் தோத்திரம். சாட்சி சொல்லச் சொன்னாவ, சொல்லுதேன். வெள்ளத்துல டீச்சரம்மாவும் சாரும் எங்க வீட்டுக்கு வந்தாவ. வரும்போது டீச்சருக்கு ஒண்ணுந் தெரியாது. தேங்கா துருவத் தெரியாது. வரிசையில நிக்கத் தெரியாது. ஒருத்தர் சொல்லுதத காது குடுத்துக் கேக்கத் தெரியாது. பாவம், அவுக வளந்த விதம் அப்படி. நாங்க கஞ்சி குடுத்தோம், வேலை குடுத்தோம், ஜெபிச்சோம். இப்பம் கொஞ்சங் கொஞ்சமா திருந்தி வாறாவ. முழுசா திருந்த நாளாவும். நாங்க கைவிட மாட்டோம்."

பின்வரிசையில் மேலத்தேரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஞானப்பூ சிரிக்கவில்லை. கேலியா, மெய்யாகவே சாட்சியா, முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரோஷன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: "நாங்கள் ஒன்றும் அறியாதவர்களாக இருந்தோம். இந்தச் சகோதரி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். எங்கள் வாழ்க்கை மாறிவிட்டது. உங்களுக்கு நன்றி."

விருந்தினர் அம்மாள் கைக்குட்டையை எடுத்தார். கை தட்டல் தொடங்கிவிட்டது. ஐயா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பக்கத்தில் சார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளியில் நான் எடுத்தது ஆங்கிலம். தவறான மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. அது ஒன்றுதான் காரணம். எழுந்து போய் ரோஷனிடமிருந்து மைக்கை வாங்கி, மன்னிக்க வேண்டும், ஒரு திருத்தம் என்றேன். ஞானப்பூ சொன்னதை வாக்கியம் வாக்கியமாக, எழுவாயை மாற்றாமல், ஆங்கிலத்தில் சொன்னேன். தேங்காயைச் சொன்னேன். வரிசையைச் சொன்னேன். காது கொடுத்துக் கேட்கத் தெரியாததைச் சொல்லும்போது ஒரு சொல் தவறியது; மறுபடி ஒருமுறை தெளிவாகச் சொன்னேன்.

முதலில் சிரித்தது அந்த வெள்ளைக்கார அம்மாள்தான். சிரித்துவிட்டு, அழுகைக்காக எடுத்த கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"முழுசும் சொல்லிட்டியளா டீச்சர்?" என்று ஞானப்பூ என் காதுக்குள் கேட்டாள்.

'நாங்க கைவிட மாட்டோம்' என்ற கடைசி வாக்கியம் பாக்கி இருந்தது. அதையும் சொன்னேன்.